பதினேழு விரிப்புகள்

அக்கா வெளியே கிளம்புமுன் இடது முன்கையின் உட்புறத்தில் பேனாவால் என் கைப்பேசி எண்ணை எழுதிக்கொள்வாள். எல்லா நாளும் அல்ல, ஊர்வலமோ மறியலோ இருக்கும் நாளில் மட்டும். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாலும், அடிபட்டு அவளுக்கே நினைவு தப்பினாலும், யாராவது அந்தக் கையைத் திருப்பிப் பார்த்து எனக்குச் சொல்வார்கள் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. எழுதிவிட்டு மை காய ஊதுவாள்.

"அது ஒண்ணா ஏழா? தெளிவா எழுதுடி," என்பாள் அம்மா, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து. "உன்னைக் கண்டெடுத்தவன் வேற வீட்டுக்குப் போன் பண்ணிடப் போறான்."

அம்மாவுக்குப் பயம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கேலியும் கூடும். "எங்கேயாவது கல்லு விழுந்தா எல்லாரும் அது விழாத பக்கமா ஓடுவாங்க. இவ மட்டும் எத்தனை கல்லுன்னு எண்ண ஓடுவா," என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். சொல்லிவிட்டு அக்கா திரும்பும்வரை எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பாள். எங்கள் வீட்டு அடுப்பு மேடை அக்கா இப்படிப் போய்வந்த இரண்டு வருடத்தில் பளபளத்ததுபோல் எப்போதும் பளபளத்ததில்லை.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பின்னறையில் உட்கார்ந்து வில்லைகளைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்க்க வேண்டும். முன்னறையில் ஆள் இல்லாதபோது, வருகிறவர்களைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்ல வேண்டும். அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை. அக்காவின் கையில் என் எண் இருக்கும் நாட்களில் மட்டும் கைப்பேசி சட்டைப் பைக்குள் ஏதோ உயிருள்ளது போலத் தோன்றும். அது அசையாமல் இருந்தால் போதும் என்று நாள் முழுக்க வேண்டிக்கொண்டிருப்பேன்.

அவள் இந்த வேலைக்குள் பின்வாசல் வழியாக வந்தவள். பெரிய நாளிதழ் ஒன்றில் பிழை திருத்துகிறவளாகச் சேர்ந்து, நான்கு வருடம் அடுத்தவர் எழுத்துக்குக் கொம்பும் காலும் சரிபார்த்தாள். ஒருநாள் செய்தியாளர் காய்ச்சலில் படுத்துவிட, ஆலை வாசலில் நடந்த தடியடியைப் பார்த்துவர ஒப்புக்கு ஓர் ஆளாக இவளை அனுப்பினார்கள். காயம்பட்டவர்கள் பதினொரு பேர் என்று எழுதிக் கொடுத்தாள். கட்டுப் போடும் இடத்துக்கே போய் ஒவ்வொருவராக எண்ணியிருந்தாள். அச்சில் 'சிலர்' என்று வந்தது. ஆசிரியரிடம் கேட்டாள்.

"சிலர்னா அதுல பதினொண்ணு அடங்காதாம்மா?"

"அடங்கும் சார். மூணும் அடங்கும்."

அவர் சிரித்துக்கொண்டே அவளைச் செய்திப் பிரிவுக்கு மாற்றினார். ஐந்து வருடம் அங்கே இருந்தாள். மூன்றாவது முறையாக எண் மாறியபோது மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டாள். ஒரு ஜோடி செருப்பு, பிடி உடைந்த கோப்பை, இரண்டு அகராதிகள். இனிமேல் சுதந்திரப் பத்திரிகையாளர் என்று சொன்னாள். "வேலை இல்லைங்கறதுக்கு இவ்வளவு நீளமா ஒரு பேரா?" என்றாள் அம்மா.

அடுத்த மாதம் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மரியாதையாக, "உங்க ஆபீஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "இன்னைக்கா, நாளைக்கா?" என்று கேட்டாள் அக்கா. அவர் மறுபடி வரவில்லை.

பத்திரிகை அட்டை வைத்திருப்பவர்கள் தடுப்புக்கு உள்ளே, காவலர்கள் பக்கம் நிற்பார்கள். அக்காவிடம் அட்டை கிடையாது. அவள் நின்றது கல்லும் புகையும் வந்து விழுகிற பக்கம். இருசக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் போடும் தலைக்கவசம் ஒன்றை வாங்கி வெள்ளையடித்து வைத்திருந்தாள். இடது மணிக்கட்டு ஒருமுறை முறிந்தது. புகைக் குண்டு வெடித்த நாட்களில் ஈரத் துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு, சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொல்வாள். இரண்டு முறை பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது முறை ஒரு காவலர் என் எண்ணை அவள் கையில் பார்த்துவிட்டு அழைத்தார். "வந்து கூட்டிட்டுப் போங்க தம்பி. இந்தக் கையெழுத்தையும் கழுவச் சொல்லுங்க, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு." நல்ல மனிதர். பெரிய பத்திரிகையின் ஆள் உள்ளே போனால் வெளியே கேட்க ஒரு கட்டடமே இருக்கும். இவளுக்குக் கேட்க நானும் அம்மாவும்தான்.

அவளுடைய வேலை முறையில் ஒன்றை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

தனியாக எழுத ஆரம்பித்த புதிதில், ஓடிவந்த மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட சைக்கிள் கடைக்காரர் ஒருவரைப் பற்றி எழுதினாள். பெயர் போடவில்லை. தெருவும் போடவில்லை. அவர் விந்தி விந்தி நடந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்ததை மட்டும் எழுதினாள், அது மனதில் நின்றுவிட்டதால். அந்தப் பகுதியில் விந்தி நடக்கிற சைக்கிள் கடைக்காரர் ஒருவர்தான் இருந்தார். மறுநாள் கடைக்கு முத்திரை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு விதி வைத்துக்கொண்டாள். தகவல் சொன்னவரைப் பற்றி எழுதும்போது ஒன்றை மாற்றிவிட வேண்டும். கிழவரை இளைஞராக்கலாம், கடையை வீடாக்கலாம். நோட்டிலும் பெயர் கிடையாது, 'குடை', 'நீல வாளி', 'இருமல்' என்று அவள் வைத்த பட்டப்பெயர்கள்தான். ஆனால் எண்ணைத் தொடக் கூடாது. "ஆளை மாத்தலாம்டா. எண்ணை மாத்தக் கூடாது. அதுக்காகத்தானே வெளிய வந்தேன்," என்பாள்.

எழுதி முடித்ததும் சமையலறை மேசையில் என்னை உட்காரவைத்துப் படிக்கக் கொடுப்பாள். எதை மாற்றலாம் என்று என்னைத்தான் கேட்பாள். "நீ கவிதை படிக்கறவன். ஒண்ணை இன்னொண்ணா மாத்தறது உங்களுக்கெல்லாம் கை வந்த கலையாச்சே." அவளுக்குக் கவிதைமேல் அவ்வளவு மரியாதை இல்லை. ஆனாலும் கேட்பாள். அதில் எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேர்தலை இரண்டாவது முறையாகத் தள்ளிவைத்த மாதத்தில் மாணவர்கள் பெரிய பாலத்தின்மேல் உட்கார்ந்தார்கள். போக்குவரத்துத் தொழிலாளர்களும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். ஆறாம் நாள் மத்தியானம் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று பேர் இறந்ததாக மாலைச் செய்தியில் சொன்னார்கள். அக்கா அப்போது பாலத்தின் கீழே இருந்தாள். மூன்று இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எண்ண முடியவில்லை, எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள், வண்டிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. 'பலர்' என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் இரண்டு நாள் நின்றாள்.

அங்கேதான் அவரைச் சந்தித்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர். பேருந்து நிறுத்தத்தில் இவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, சாலையைப் பார்த்தபடியே பேசினார். கையில் பயணச்சீட்டு கிடைத்தால் அதை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடிப்பார். அக்கா நோட்டில் அவருக்கு 'மடிப்பு' என்று பெயர் வைத்தாள்.

அவர் சொன்னது இதுதான். இறந்தவர்களைப் பிணவறைக்கு அனுப்பும்போது மருத்துவமனை விரிப்பு ஒன்றால் மூடி அனுப்புவார்கள். வீட்டார் உடலை வாங்கிக்கொண்டு போகும்போது சொந்தத் துணி போர்த்திக்கொள்வார்கள். மருத்துவமனை விரிப்பு சலவைக்குத் திரும்பி வந்துவிடும். போனது எத்தனை, வந்தது எத்தனை என்று சலவைப் பிரிவில் குறித்துவைப்பது வழக்கம். அந்த நாளில் இருபது விரிப்புகள் போயின. மூன்று திரும்பின.

"பாக்கி பதினேழும் போன இடத்துல இருந்து திரும்பல," என்றாராம். "விரிப்போடயே கொண்டு போயிட்டாங்க. வீட்டுக்குக் குடுக்கலன்னு அர்த்தம்."

அக்கா வேறு இரண்டு பேரிடம் கேட்டு அந்த எண்ணை உறுதிசெய்துகொண்டாள். ஒரு வார்டு உதவியாளர், ஒரு வண்டி ஓட்டுநர். பிறகு மூன்று மணி நேரத்தில் எழுதினாள். அவள் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அது. ஒரு வார்த்தைகூடக் கோபமாக இருக்காது. துணி எப்படிப் போகும், எப்படித் திரும்பும் என்பதை மட்டும் வீட்டு வேலை போலச் சொல்லியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி: பதினேழு விரிப்புகள் எங்கே?

"எதை மாத்தலாம்?" என்றாள், வழக்கம்போல.

நான் யோசிக்கவே இல்லை. "பொம்பளையா ஆக்கிடு. துணி துவைக்கற இடம்தானே, நிறைய பேர் இருப்பாங்க."

"அதுவும் சரிதான்," என்று 'அவர்' என்பதையெல்லாம் 'அந்தப் பெண்' என்று திருத்தினாள். ஐந்து இடத்தில் வந்தது. ஐந்தையும் நான்தான் விரல் வைத்துக் காட்டினேன்.

வெளிநாட்டில் இருந்து நடக்கும் இணைய இதழ் ஒன்று அதை அக்காவின் பெயரோடு வெளியிட்டது. இரண்டே நாளில் ஊரே படித்தது. யாரோ ஒருவர் மூன்றாம் மாடி ஜன்னலில் வெள்ளை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட, மறுநாள் தெருவுக்குத் தெரு தொங்கியது. நான் கடைக்குப் போகும் வழியில் எண்ணிக்கொண்டே போவேன். காவலர்கள் ஏணி வைத்து அவிழ்த்தார்கள். சலவை நாள் என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஓர் அம்மா வந்தார். பேக்கரியில் வேலை செய்கிறவர், மாவு படிந்த செருப்போடு வந்து வாசலிலேயே நின்றார். பத்தொன்பது வயதுப் பையன் பாலத்துக்குப் போனவன் திரும்பவில்லை. காணாமல் போனவர் பட்டியலில் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கட்டுரையை யாரோ தாளில் அச்செடுத்துக் கொடுத்திருந்தார்கள், அதை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார்.

"இதுல எத்தனாவது என் பையன்?" என்று கேட்டார்.

அக்கா உறைக்குள் இருந்த தாளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது விரிப்புகளின் எண் மட்டும்.

"பரவாயில்லம்மா. நீ எண்ணின எண்ணுக்குள்ள இருக்கான்ல. அது போதும். இதுவரைக்கும் அவன் எந்த எண்ணுலயும் இல்ல."

அவர் போன பிறகு அக்கா வெகுநேரம் கதவைச் சாத்தாமல் நின்றாள்.

அடுத்த வாரம், கடை திறந்த கொஞ்ச நேரத்தில், ஒருவர் வந்து எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்தார். கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். முன்னறையில் முதலாளி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நான் வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுத்து மடித்து, அதனால் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அவசரம் என்றால் இந்தக் கடைக்கு வரலாம் என்று அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள்.

"முதல் வரி தெரியுது," என்றார். பிறகு அதே குரலில், பலகையைப் படிப்பதுபோல, "எங்க பிரிவுல ஆறு பேர் தம்பி. அஞ்சு பேர் ஆம்பளைங்க. ஒரே ஒரு பொம்பளை. அவளைக் கூட்டிட்டுப் போய் மூணு நாள் ஆச்சு."

நான் வில்லை மாற்றும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அவ யார்கிட்டயும் ஒண்ணும் பேசல. மூணு பிள்ளைங்க. புருஷன் இல்ல."

"அடுத்த வரி," என்றேன். முதலாளி எங்களைப் பார்த்தார்.

"அடுத்த வரி மங்கலா இருக்கு. நான் போய், நான்தான்னு சொல்லட்டுமா? அக்காவைக் கேட்டுச் சொல்லு. அவங்க போகச் சொன்னா போறேன்."

அவருடைய கண் உண்மையிலேயே மங்கலாகத்தான் இருந்தது. அளவை எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளையும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடினேன். சொன்னதைக் கேட்டு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"எத்தனை பொம்பளைங்கன்னு நான் கேக்கவே இல்லடா," என்றாள். "எல்லாத்தையும் கேட்டேன். சோப்பு எங்க இருந்து வருதுன்னுகூடக் கேட்டேன்."

"அவரைப் போகச் சொல்லவா?"

"போகட்டுமான்னு கேக்கறவரை எப்படி அனுப்பறது? போனா திரும்பி வர மாட்டார். அதுக்கப்புறம் அவளையும் விட மாட்டாங்க. ரெண்டு பேர் ஆயிடும்."

அடுத்த எட்டு நாளும் அவள் வக்கீல் ஒருவர் பின்னால் அலைந்தாள். மனு வாங்கிக்கொண்டார்கள், பதில் இல்லை. கட்டுரையில் வரும் பெண் உண்மையில் ஓர் ஆண் என்று சொல்லிவிட்டால் என்ன என்று வக்கீலிடம் கேட்டாள். "அப்போ அஞ்சு ஆம்பளைங்களையும் தூக்குவாங்க," என்றார் அவர். பிறகு மேசைமேல் இருந்த காகித எடையை உருட்டிக்கொண்டே சொன்னார். "அவங்களுக்கு ஆள் வேண்டாம்மா. எண்தான் உறுத்துது. எண்ணை எடுத்துட்டீங்கன்னா ஆளை விட்டுடுவாங்க."

"எடுக்கறதுன்னா?"

"நானே கற்பனையா எழுதினேன், அப்படி ஒரு ஆளே இல்லைன்னு நீங்க சொல்லணும். கேமரா முன்னாடி."

அன்று வீட்டுக்கு வந்தவள் பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து மேசையில் அடுக்கினாள். எதையும் திறக்கவில்லை. அம்மா பக்கத்தில் வந்து நின்று, கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பேக்கரிக்காரம்மா என்ன நினைப்பாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவங்க பையன் இனிமே வரப் போறதில்ல. இவ பிள்ளைங்களுக்கு அம்மா வரலாம்," என்றாள். நோட்டுகளின் விளிம்புகளைத் தட்டிச் சரிசெய்துகொண்டே சொன்னாள். அவள் அதை முன்பே தனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காவல்துறை அலுவலகத்துக்குப் போனோம். போகுமுன் வழக்கம்போல முன்கையில் என் எண்ணை எழுதிக்கொண்டாள். தாழ்வாரத்து பெஞ்சில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு முழுசாகச் சாத்தவில்லை. சுத்தமான அறை. மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளர், அதன்மேல் மூடி. கேமராவைச் சரிசெய்தவர், "மேடம், சட்டைக் கையைக் கொஞ்சம் கீழ இறக்கிவிடுங்க. ஏதோ எழுத்து தெரியுது," என்றார். அவள் இறக்கிவிட்டாள்.

அவர்கள் தட்டச்சு செய்து வைத்திருந்ததைப் படித்தாள். படித்து முடித்ததும் அதிகாரி, தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். "பதினேழுன்னு ஏன் போட்டீங்க? பத்துன்னோ இருபதுன்னோ போட்டிருக்கலாமே."

அக்கா தாளை மேசையில் வைத்தாள். எண்ணைத் தொடக் கூடாது என்றவள் அவள்.

"தோணிச்சு," என்றாள்.

அந்த ஒரு சொல்லைத்தான் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். 'தோணிச்சு' என்று ஊரில் அது ஒரு கிண்டலாகவே ஆகிப்போனது. எங்கள் கடைக்கு வந்த ஒருவர், ஏன் இந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று முதலாளி கேட்டதற்கு, "தோணிச்சு," என்று சொல்லிச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். நான் பின்னறையில் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சலவைப் பெண்ணை மறுநாள் மாலை விட்டுவிட்டார்கள். பதிமூன்று நாள். மருத்துவமனை வேலையில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. அக்கா திங்கட்கிழமைதோறும் காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஐந்து வருடம் எதிலும் எழுதக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஜன்னல்களில் மிச்சமிருந்த விரிப்புகளை வீட்டுக்காரர்களே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஏணி தேவைப்படவில்லை.

"எப்படியோ வீட்டுக்குள்ள வந்துட்டா," என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே படுத்திருந்தாள், காதில் விழுந்திருக்கும். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடமாக அவள் வேண்டியது அது ஒன்றுதான்.

பேக்கரிக்காரம்மா மறுபடி வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். இந்தத் தடவை உள்ளே வந்து மேசை அருகே நின்றார். அந்த பிளாஸ்டிக் உறையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"இதை நீங்களே வெச்சுக்கங்க." முன்பு நீ என்று பேசியவர்.

"அம்மா," என்று அக்கா எழுந்தாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். முதல்ல சொன்னது பொய்யா, அப்புறம் சொன்னதா?"

தெருமுனையில் இரண்டு பேர் மாறி மாறி எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் அவை. கதவு திறந்திருந்தது. அக்கா தெருமுனைப் பக்கம் பார்த்தாள். அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். படியில் மாவுத் தடம் விழுந்திருந்தது, அம்மா அதைத் துடைக்கவில்லை.

அக்கா ஆரம்பித்த இடத்துக்கே போனாள். பள்ளிக்கூடப் புத்தகம் போடுகிற நிறுவனத்தில் பிழை திருத்துகிறாள். காலையில் போய் மாலையில் வருகிறாள். இடது கையில் ஒன்றும் எழுதிக்கொள்வதில்லை. கைப்பேசியை நான் இப்போது மேசைமேல் வைத்துவிட்டு வேலை செய்கிறேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில், இரண்டு படுக்கை விரிப்புகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, "நீயும் வர்றியா?" என்றாள். மாற்றச் சொன்னது நான்தான் என்று அதுவரை ஒருமுறைகூட அவள் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. வர்றியா என்று மட்டும் கேட்டாள்.

மருத்துவமனை வேலை போன அந்தப் பெண் சந்தைக்குப் பின்னால் ஒரு சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். உள்ளே மூன்று இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. குள்ளமான, கை தடித்த பெண். எங்கள் விரிப்பைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார்.

"ரெண்டுதானே?"

"ரெண்டுதான். நான் வந்து..."

"தெரியும். டிவியில வந்தீங்களே. அதுல கொஞ்சம் சதை இருந்துச்சு. இப்போ இளைச்சுட்டீங்க."

அக்கா பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். "மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"கேளுங்க."

"என்னை மன்னிச்சிடுங்க."

"சரி," என்று விரிப்புகளை இயந்திரத்துக்குள் திணித்துக் கதவைச் சாத்தினார். பிறகு அதன்மேல் சாய்ந்துகொண்டார். "யார்கிட்ட சொன்ன, யார்கிட்ட சொன்னன்னு அதே கேள்வி. யார்கிட்டயும் சொல்லலன்னா அடி. கடைசில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, தூக்கத்துல உளறிட்டேனோன்னு." அவர் சிரித்தார். எங்களால் முடியவில்லை. "சொன்னவர் யாருன்னு எனக்கு அப்பவே தெரியும். கையில தாள் கிடைச்சா சும்மா இருக்க மாட்டார், மடிச்சுக்கிட்டே இருப்பார். அதையும் நான் உள்ள சொல்லல."

இயந்திரத்துக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.

"என்னை மாதிரி ஒருத்தியைப் போட்டு எழுதறதா இருந்தா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

"உங்களை எனக்குத் தெரியாதே."

"அதைத்தான் சொல்றேன். கேட்டிருந்தா சரியாச் சொல்லியிருப்பேன். பதினேழு இல்ல. பதினெட்டு."

அக்கா பையின் காதை முறுக்குவதை நிறுத்தினாள்.

"ஒண்ணு சின்னது. குழந்தைங்க வார்டு விரிப்பு. அது தனி அலமாரி, அவர் கைக்கு வராது, நான்தான் பார்த்துக்குவேன். ஓரத்துல மஞ்சள் தையல் போட்டிருக்கும். அதுவும் திரும்பல."

அக்காவின் கை தானாகப் பைக்குள் போனது. பேனாவை எடுத்துவிட்டாள், மூடியையும் கழற்றிவிட்டாள். நோட்டு இல்லை. நோட்டுக் கொண்டுவருவதை அவள் நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. இடது கைச் சட்டையை மேலே ஏற்றினாள்.

"வேண்டாம்மா," என்றார் அந்தப் பெண். "எனக்கு மூணு பிள்ளைங்க. அதோட நீங்க எழுதினா இனிமே யார் நம்புவாங்க?"

குத்திக்காட்டவேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை. இந்தக் கறை போகாது என்று வாடிக்கையாளரிடம் சொல்வது போலத்தான் சொன்னார். அக்கா பேனாவை மூடினாள். சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டாள்.

"வியாழக்கிழமை வாங்க. தேய்ச்சு மடிச்சு வெச்சிருக்கேன்."

வியாழக்கிழமை அக்கா தனியாகப் போய் வாங்கி வந்தாள். வரும்போது மற்ற இரண்டைப் போட்டுவிட்டு வந்தாள். எங்கள் வீட்டில் இருப்பது மொத்தமே நான்கு. அதற்கடுத்த வியாழனும் அப்படியே.

"வீட்ல மெஷினை எதுக்கு வாங்கிப் போட்டிருக்கு? வேடிக்கை பார்க்கவா?" என்கிறாள் அம்மா.

"இருக்கட்டும்மா," என்கிறாள் அக்கா.

அங்கே அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்பதில்லை. இரண்டு போகிறது, இரண்டு வருகிறது. வந்ததும் அக்கா பையைப் பிரித்து மேசைமேல் வைத்து எண்ணிப் பார்க்கிறாள். இரண்டுதான். ஆனாலும் எண்ணுகிறாள்.